நியூ வேவ் ஆஃப் பிரிட்டிஷ் ஹெவி மெட்டல்னு சொல்றாங்களே, அயர்ன் மெய்டனைத் தாண்டி அதுல என்ன இருக்கு?

நிறைய இருக்குங்க. 1970கள் கடைசில இருந்து 80கள் தொடக்கம் வரை பிரிட்டன்ல கிளம்பின மெட்டல் பேண்டுங்க கூட்டத்துக்குத் தான் அந்தப் பேரு. அயர்ன் மெய்டனும் டெஃப் லெப்பர்டும் ஜெயிச்ச கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுக்கப்புறம் வந்த மெட்டலுக்கு விதை போட்டது ஒரு சிங்கிள், ஒரு ஆல்பம் விட்டுட்டு காசு பாக்காமலே போன பேண்டுங்க தான்னு நான் உறுதியா நம்புறேன்.

இந்தப் பேரு ஒரு பத்திரிகைல இருந்து வந்தது. 1979 மே மாசம் லண்டன் கேம்டன்ல மியூசிக் மெஷின்ங்கிற இடத்துல அயர்ன் மெய்டன், சாம்சன், ஏஞ்சல் விட்ச் மூணு பேரும் ஒரே ராத்திரி வாசிச்சாங்க, அதைப் பத்தி சவுண்ட்ஸ் பத்திரிகைல ஜெஃப் பார்ட்டன் எழுதினாரு, அந்தப் பேரை வச்சது எடிட்டர் ஆலன் லூயிஸ். மூணையும் இன்னிக்கு போட்டுக் கேட்டா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது. ஏஞ்சல் விட்ச் இருட்டா, பிளாக் சபாத் பக்கம் சாய்ஞ்சு இருக்கும், சாம்சன்ல புளூஸ் வாடை இருக்கும். அதனால இதை ஒரே சவுண்டுன்னு தேடிட்டு போனா கிடைக்காது, ஒரே நேரத்துல நாடு முழுக்க பசங்க கிளம்பினாங்க, அதான் விஷயம்.

வேர் எதுன்னா, கனம் பிளாக் சபாத் கிட்ட இருந்து வந்துச்சு, பர்மிங்ஹாம் பேண்டு, டோனி அயோமி தகடு வெட்டுற ஃபேக்டரில வேலை பாத்தப்போ ரெண்டு விரல் நுனி போயிடுச்சு, அதுக்கப்புறமும் கிடாரை விடாம பிளாஸ்டிக்ல தொப்பி மாதிரி செஞ்சு மாட்டிட்டு வாசிச்ச மனுஷன். ரெண்டு கிடார் சேர்ந்து மெலடி வாசிக்கிறது விஷ்போன் ஆஷ், தின் லிஸி வழியா வந்தது. புளூஸை உரிச்சு எடுத்துட்டு வெறும் இரும்பா மெட்டலைக் காட்டினது ஜூடாஸ் ப்ரீஸ்ட். வேகம் மோட்டர்ஹெட்.

இதுல எல்லாரும் தப்பா பேசுற ஒண்ணு பங்க் ராக் விஷயம். மெய்டனோட ஸ்டீவ் ஹாரிஸுக்கு பங்க் பிடிக்காது, அது உண்மை, அதனால மெட்டல் பங்குக்கு எதிரா வந்ததுன்னு சொல்லிடுறாங்க. ஆனா 1977 தொடக்கத்துல பஸ்காக்ஸ்ங்கிற பங்க் பேண்டு சொந்தமா ஒரு ரெக்கார்டு போட்டு வித்துக் காட்டினாங்க பாருங்க, பெரிய கம்பெனி வாசல்ல நிக்க வேண்டியதில்லங்கிற அந்தத் தைரியத்தை மெட்டல் பசங்க அப்படியே எடுத்துக்கிட்டாங்க. ஷெஃபீல்டுல டெஃப் லெப்பர்ட், பாடகர் ஜோ எலியட்டோட அப்பாகிட்ட கடன் வாங்கி தான் முதல் ஈபியை (சில பாட்டு மட்டும் இருக்கிற சின்ன ரெக்கார்டு) சொந்த லேபிள்ல 1979ல வெளியிட்டாங்க. மெய்டன் 1978 கடைசி ரெண்டு நாள் கேம்பிரிட்ஜ் பக்கம் ஒரு ஸ்டூடியோல டெமோ (மாதிரிப் பதிவு) பண்ணி நீல் கேங்கிற டிஜே கைல கொடுத்தாங்க.

நீல் கே பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும். லண்டன் கிங்ஸ்பரில ஒரு பப்போட பின்னாடி ஹால்ல சவுண்ட்ஹவுஸ்னு மெட்டல் டிஸ்கோ நடத்தினாரு, வர்ற பசங்க ஹார்ட்போர்டுல வெட்டின கிடாரை மாட்டிட்டு ஆடுவாங்க, அவங்க என்ன பாட்டு கேக்குறாங்களோ அதை வச்சு ஒரு சார்ட் போடுவாரு, அந்த சார்ட் சவுண்ட்ஸ் பத்திரிகைல அச்சாகும். ரெக்கார்டே வராத மெய்டன் டெமோ அதுல முதல் இடத்துக்கு போச்சு! அப்புறம் அந்த டெமோவை 5000 காப்பி அடிச்சு தபால்ல வித்தாங்க, 1979 டிசம்பர்ல ஈஎம்ஐங்கிற பெரிய ரெக்கார்டு கம்பெனியோட ஒப்பந்தம். எந்தக் கம்பெனியும் கண்டுபிடிக்கல, ரசிகர்கள் கேட்டுக் கேட்டு மேல தூக்கினது. என்னைப் பொறுத்தவரை இந்த மொத்த விஷயத்துலயும் ரொம்ப அழகான பகுதி இதுதான்.

இன்னொரு பக்கம் வடக்குல, நியூகாசில் பக்கத்துல வால்செண்ட்ல நீட் ரெக்கார்ட்ஸ். கப்பல் கட்டுற ஊரு, வேலை குறைஞ்சுட்டே வந்த காலம் (சாக்சன் பாடகர் பிஃப் பைஃபோர்டு கூட சுரங்கத்துல வேலை பாத்தவர் தான், அவங்க யார்க்‌ஷயர்). டைகர்ஸ் ஆஃப் பான் டாங், ரேவன், பிளிட்ஸ்கிரீக், வெனம், சேட்டன் எல்லாம் அந்த ஒரு குட்டி லேபிள்ல இருந்து வந்தவங்க. வெனமை வாசிக்கவே தெரியாதவங்கன்னு அப்பவே திட்டினாங்க, ரெக்கார்டிங் கரடுமுரடா தான் இருக்கும், ஆனா 1982ல பிளாக் மெட்டல்னு அவங்க ஒரு ஆல்பத்துக்கு வச்ச பேரு பின்னாடி நார்வே பசங்க மூலமா ஒரு தனி இசை வகையோட பேராவே ஆயிடுச்சு.

இப்ப டயமண்ட் ஹெட். ஸ்டவர்பிரிட்ஜ் பசங்க, 1980ல ஆல்பம் ரெடி, பெரிய கம்பெனி எதுவும் எடுக்கல, வெறும் வெள்ளை அட்டைல பேரு கூட இல்லாம போட்டு கச்சேரிலயும் தபால்லயும் வித்தாங்க. அதைக் கேட்டு பைத்தியம் ஆன ஒரு பையன் கலிஃபோர்னியால இருந்து 1981ல 17 வயசுல லண்டனுக்கு ஃபிளைட் ஏறி வூலிச்ல அவங்க கச்சேரியைப் பாத்துட்டு, அவங்க வீட்டுலயே தங்கிட்டு ஊர் திரும்பி ஒரு பேண்டு ஆரம்பிச்சான். அந்தப் பையன் லார்ஸ் உல்ரிக், பேண்டு மெட்டாலிகா. ஆரம்ப காலத்துல மெட்டாலிகா மேடைல டயமண்ட் ஹெட் பாட்டுங்களை வரிசையா வாசிச்சாங்க, 1984ல டயமண்ட் ஹெட் பாட்டு ஒண்ணும் பிளிட்ஸ்கிரீக் பாட்டு ஒண்ணும் தங்களோட சிங்கிளோட பி சைடுல, அதாவது ரெக்கார்டோட பின்பக்கம், போட்டாங்க. நானும் மெட்டாலிகா வழியா தான் உள்ள வந்தேன், கவர் பாட்டுன்னு தெரிஞ்சப்புறம் ஒரிஜினலைத் தேடிப் பிடிச்சுக் கேட்டா, அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிடார் துண்டு) கட்டுற விதம், ஒரே பாட்டுக்குள்ள நாலு இடத்துல வேகம் மாறுறது எல்லாம் அங்கயே இருக்கு. 2010ல சோஃபியால மெட்டாலிகா, மெகாடெத், ஆந்த்ராக்ஸ் ஆளுங்களும் ஸ்லேயர் டிரம்மர் டேவ் லோம்பார்டோவும் ஒரே மேடைல சேர்ந்து வாசிச்ச பாட்டும் டயமண்ட் ஹெட் பாட்டு தான்.

ஏன் முடிஞ்சதுன்னா, 83 வாக்குல டெஃப் லெப்பர்ட் அமெரிக்கால பெரிய ஆளாயிட்டாங்க, எம்டிவி வந்துச்சு, கம்பெனிங்க எல்லாம் பளபளன்னு ரேடியோவுக்கு ஏத்த மாதிரி பண்ணுன்னு கேட்டாங்க, சின்ன பேண்டுங்க அப்படி மாறப் போயி இருந்த ரசிகரையும் இழந்தாங்க. வேகம் வேணும்னு நினைச்ச பசங்க அதுக்குள்ள மெட்டாலிகா மாதிரி வேகமா வாசிக்கிற அமெரிக்க த்ராஷ் பக்கம் போயிட்டாங்க.

கேக்க ஆரம்பிக்கிறதுன்னா மெய்டனோட முதல் ரெண்டு ஆல்பம், பால் டியானோ பாடினது, அதுல ஆரம்பிங்க, அடுத்து சாக்சனோட வீல்ஸ் ஆஃப் ஸ்டீல், ஏஞ்சல் விட்ச் முதல் ஆல்பம், டயமண்ட் ஹெட்டோட வெள்ளை ஆல்பம், கேர்ள்ஸ்கூலை மட்டும் விட்டுடாதீங்க, பொண்ணுங்க பேண்டுன்னு ஒதுக்கினவங்க எல்லாம் இழந்தவங்க. கடைசியா சேட்டன், 1983ல வந்த கோர்ட் இன் தி ஆக்ட். அதே ஆளுங்க 2011ல திரும்ப சேர்ந்து 2013ல லைஃப் சென்டன்ஸ்னு ஒரு ஆல்பம் போட்டாங்க, ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க, நடுவுல முப்பது வருஷம் போனது தெரியவே தெரியாது.