எக்ஸ் என்னும் விருந்தாளி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் ஆங்கிலச் சொற்போட்டி ஒன்றுக்குத் தயாராகிறாள். எக்ஸ் எழுத்தில் தொடங்கும் முப்பது சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாமே கிரேக்கத்திலிருந்து வந்தவையாம். இரவு படித்தது காலையில் மறந்துபோகிறது. "எக்ஸ் என்று எழுதிவிட்டு ஏன் ஸ மாதிரியும் ஜ மாதிரியும் சொல்கிறார்கள்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. யாருமே பேசாத இந்தச் சொற்களைக் கற்பதில் பயன் உண்டா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

மகள் கேட்டது நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எந்தெந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரலாம் என்று தமிழ் இலக்கணம் வரையறுத்திருக்கிறது. ராமனை இராமன் என்றும் லாபத்தை இலாபம் என்றும் எழுதுவது அதனால்தான். ஆங்கிலத்தின் நாக்குக்கும் அப்படி ஒரு பழக்கம் உண்டு. 'க்ஸ்' என்ற ஒலி சொல்லின் நடுவிலும் கடைசியிலும் தாராளமாக வரும், தொடக்கத்தில் வராது. கிரேக்கர்கள் 'க்ஸெனோஸ்' என்று முழுதாகச் சொன்னார்கள். ஆங்கிலம் எழுத்தை வைத்துக்கொண்டு முன்னால் இருந்த க்-ஐ விட்டுவிட்டது. மிச்சமிருந்தது ஆங்கில இசட் (z) எழுத்தின் அதிர்வொலியாகிவிட்டது. அதற்குத் தமிழில் எழுத்து இல்லாததால் நாம் ஒரு சமயம் ஸ என்றும் ஒரு சமயம் ஜ என்றும் எழுதுகிறோம். ஜெராக்ஸ் என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் எழுத்தும் எக்ஸ், கடைசி எழுத்தும் எக்ஸ். முன்னால் இருப்பது ஜ ஆகிவிட்டது, பின்னால் இருப்பது க்ஸ் ஆகவே நிற்கிறது.

சாமுவேல் ஜான்சன் 1755-இல் தன் அகராதியை வெளியிட்டபோது, எக்ஸில் தொடங்கும் ஆங்கிலச் சொல் ஒன்றுகூட இல்லை என்றே எழுதினார். இன்று அகராதியில் அந்த எழுத்துக்குச் சில பக்கங்கள் இருக்கின்றன. இடையில் நடந்தது இதுதான்: தாவரவியலாளர்களும் வேதியியலாளர்களும் மருத்துவர்களும் புதிதாகக் கண்டவற்றுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது, அதற்குக் கிரேக்கத்திடம் போனார்கள். ஆகவே இவற்றில் பல, பழைய வேர்களிலிருந்து ஆய்வறிஞர்கள் புதிதாகக் கட்டிய சொற்கள். கட்டியதைப் பிரித்துப் பார்த்தால் முப்பது சொற்களுக்கும் நாலைந்து வேர்கள்தான் மிஞ்சும். பட்டியலை மூடிவைத்துவிட்டு வேர்களைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேர் க்ஸெனோஸ். கிரேக்கத்தில் இதற்கு 'அந்நியன்' என்றும் பொருள், 'விருந்தினன்' என்றும் பொருள். வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளுக்கும் உள்ளே உட்கார வைத்து உபசரிக்கும் ஆளுக்கும் ஒரே சொல். தமிழருக்கு இது விளங்காத விஷயம் அல்ல. விருந்து என்ற சொல்லைத் தொல்காப்பியம் 'புதுமை' என்ற பொருளில் ஆள்கிறது. புதிதாக வந்தவர் விருந்து, அவருக்குப் படைப்பதும் விருந்து. ஆங்கிலம் இந்த வேரிலிருந்து அந்நியர் மீதான வெறுப்பைக் குறிக்கும் ஸெனோஃபோபியாவைப் பரவலாக்கியது. அதே வேரில் கிரேக்கர்கள் வைத்திருந்த ஃபிலோக்ஸெனியா, அதாவது அந்நியரை நேசித்தல், விருந்தோம்பல், ஆங்கிலத்தில் அந்த அளவுக்குப் புழங்கவில்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் இழப்பு.

1898-இல் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்ஸும் திரவமாக்கிய காற்றிலிருந்து வாயுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். கிரிப்டானைப் பிரித்த பிறகும் கடைசியில் ஏதோ ஒன்று தங்கியிருந்தது. அதுவரை யாரும் அறியாத அந்த வாயுவுக்கு ஸெனான், 'அந்நியம்', என்று பெயரிட்டார்கள். ஒரு கோடிப் பங்கு காற்றில் அது ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கதையைக் கேட்ட பிள்ளைக்கு ஸெனான் மறக்காது. எரிமலைப் பாறைக்குள் சிக்கிக் கிடக்கும் வேற்றுப்பாறைக்கு ஸெனோலித் என்று பெயர். லித் என்றால் கல். அப்புறம் விலங்கின் உறுப்பை மனிதருக்குப் பொருத்தும் சிகிச்சையின் பெயரிலும் இந்த ஸெனோதான் நிற்கிறது.

அடுத்தது க்ஸெரோஸ், உலர்ந்தது. ஜெராக்ஸின் வேர் இதுதான். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சனும் உதவியாளரும் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார்கள். அன்றைய தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டி, நுண்ணிய தூளைத் தூவி ஊதினார்கள். எழுத்துகள் தூளாகத் தகட்டில் ஒட்டி நின்றன. மெழுகுத்தாளை அழுத்தி எடுத்ததும் நகல் தயார். ஒரு சொட்டுத் திரவம்கூடத் தேவைப்படவில்லை. பிற்பாடு செம்மொழிப் பேராசிரியர் ஒருவர் இதற்கு 'உலர் எழுத்து' என்ற பொருளில் ஸெரோகிராஃபி என்ற பெயரைச் சொன்னார். நாம் தினமும் சொல்லும் ஜெராக்ஸ் அதிலிருந்து பிறந்தது. யாருமே பேசாத சொற்கள் என்று எழுதியிருந்தீர்கள், இதைப் பேசாதவர் யார்?

க்ஸைலான் என்றால் மரம். செடியில் தண்ணீரை மேலே கொண்டுபோகும் சைலமும், மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலோபோனும் இதன் பிள்ளைகள். க்ஸிஃபோஸ் என்றால் வாள். நெஞ்சுக்கூட்டின் நடுவில் விலா எலும்புகள் சேரும் இடத்துக்குக் கீழே விரலை வைத்தால் சின்னதாக ஒரு முனை தட்டுப்படும். அதற்கு மருத்துவர்கள் வைத்த பெயர் ஸிஃபாய்ட், வாள்போன்றது.

க்ஸாந்தோஸ் மஞ்சள். இலையின் மஞ்சள் நிறமிகளில் ஒருவகை சாந்தோஃபில். சாக்ரடீஸின் மனைவி சாந்திப்பியின் பெயரிலும் அந்த மஞ்சள் உண்டு, அதோடு குதிரையும் உண்டு. அந்தப் பெயரைச் சண்டைக்காரி என்ற பொருளில் ஆங்கில அகராதிகள் இன்னும் வைத்திருக்கின்றன. போட்டியில் வந்தால் மகள் எழுதட்டும், ஆனால் நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. தன் தரப்பைச் சொல்ல ஒரு வரிகூட விட்டுப்போகாத பெண் அவர்.

பட்டியலில் ஸைலோஃபேகஸ் என்று ஒரு சொல் இருக்கக்கூடும். அதன் பொருளை நீங்கள் சொல்லாதீர்கள். ஃபேகஸ் என்றால் தின்பது என்று மட்டும் சொல்லிவிட்டு, கரையானைப் பற்றி யோசிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.