மழையில குழந்தைய வெளிய விடலாமா?

கேள்வி: பையனுக்கு 4 வயசு. ஐப்பசி மழை ஆரம்பிச்சதுல இருந்து வெளிய போகணும்னு ஒரே அழுகை, மாமியார் சளி புடிக்கும்னு கதவையே திறக்க விடமாட்டேங்கறாங்க. விடலாமா மேடம்?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: தாராளமா விடுங்கம்மா. சளி வர்றது வைரஸால, சொல்லப்போனா மழைக்காலத்துல எல்லாரும் கதவ சாத்திட்டு ஒரே ரூம்ல அடைஞ்சு கிடக்கறப்பதான் அது ஈசியா ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்கு தொத்துது. தூறல் போடுறப்ப வாசல் போதும், ஒரு அரைமணி நேரம் காகிதக் கப்பல் விடட்டும், மண்ண பிசையட்டும், மரவட்டை ஊர்றத உக்காந்து பாக்கட்டும், அந்த சந்தோஷம் போன்ல கிடைக்காதுங்க. பாசி வழுக்கும், பக்கத்துலயே நில்லுங்க. உள்ள வந்ததும் ஈரத்துணிய மாத்தி தலைய நல்லா துவட்டி விட்டா அவ்ளோதான்.

ஆனா தெருவுல தேங்கி நிக்கிற தண்ணில மட்டும் கால வைக்க விடாதீங்க, ப்ளீஸ். அதுல எலி மூத்திரம் கலந்திருந்தா கால்ல இருக்கற சின்ன சிராய்ப்பு வழியாவே எலிக்காய்ச்சல் வரலாம், அதோட திறந்து கிடக்கற மேன்ஹோல், அறுந்து விழுந்த கரண்ட் ஒயர் எதுவும் தண்ணிக்குள்ள கண்ணுக்கு தெரியாது. இடிச் சத்தம் கேட்டா உடனே உள்ள, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சுதான் மறுபடி வெளிய. காய்ச்சல், வீஸிங் இருக்கற அன்னிக்கு வேணாம்.

மாமியாரையும் கூட கூப்பிடுங்க, கத்திக்கப்பல் மடிக்க அவங்களுக்குதான் நல்லா தெரிஞ்சிருக்கும்.