மரவீட்டுக்குப் படியா, ஏணியா?

விடுமுறையில் தங்கும் இடம் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். ஒருவர்கூட சாதாரண லாட்ஜ் பற்றிக் கேட்கவில்லை.

கேள்வி: மாம்பழ சீசன் முடிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் மூச்சு விட நேரம் கிடைக்கும். ஆகஸ்ட்டில் தொடர் விடுமுறை வரும்போது இரண்டு ராத்திரி வெளியூரில் தங்கலாம் என்றிருக்கிறோம். பிள்ளைகள் இருவருக்கும் மரவீட்டில் ஆசை, வீட்டுக்காரருக்குப் படகு வீடு. கூட என் மாமியாரும் வருகிறார். அவருக்கு வயது 72, முழங்கால் வலி. எதைப் பார்த்து முடிவு செய்வது?
— வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: மாமியாரின் முழங்காலில் இருந்து ஆரம்பியுங்கள். நான் அப்படிச் செய்யாமல் பட்டிருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன் மரவீடு ஒன்றைப் பதிவு செய்தேன். ஊர் பேர் வேண்டாம். படத்தில் கிளைகளுக்கு நடுவே மஞ்சள் விளக்கெரிய, அவ்வளவு அழகு. போய்ப் பார்த்தால் ஏறுவதற்குச் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. கழிப்பறை கீழே, தனியாக. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுந்தார். நான் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு முதலில் இறங்க, அவர் ஒவ்வொரு கம்பியாகக் காலால் தேடித் தேடி இறங்கினார். "இதுக்கு நம்ம தோட்டத்து மாமரத்திலயே கட்டிலைத் தூக்கிக் கட்டியிருக்கலாம்" என்றார். மறுநாள் இன்னொரு தரம் காசு கொடுத்து, கீழே சாதாரண அறைக்கு மாறினோம். விளம்பரத்தில் இருந்த பதினைந்து படத்தில் ஏணியின் படம் இல்லை. நானும் கேட்கவில்லை.

இப்படிப்பட்ட இடங்களில் நாம் கூடுதலாகக் கொடுக்கிற காசு ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். மரத்து மேல் தூங்குவது, தண்ணீரில் மிதப்பது, நூறு வருஷத்து வீட்டு முற்றத்தில் உட்காருவது, இப்படி ஏதோ ஒன்று. அந்த ஒன்று நீங்கள் போகிற தேதியில், நீங்கள் இருக்கிற நேரத்தில், உங்களோடு வருகிற எல்லோருக்கும் கிடைக்குமா என்று கேளுங்கள். ஏசி, டிவி, காலை டிபன் எல்லாம் அப்புறம்.

ஆலப்புழைப் படகு வீட்டை எடுத்துக்கொள்வோம். 'ஒரு நாள்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் மதியம் 12 மணி முதல் மறுநாள் காலை 9 மணி வரை, அதாவது 21 மணி நேரம். இதில் படகு ஓடுவது சாயங்காலம் ஐந்தரை வரைக்கும்தான். அப்புறம் மீனவர்கள் வலை போடுகிற நேரம் என்பதால் கரையில் கட்டிவிடுவார்கள். நடுவே மதியச் சாப்பாட்டுக்கும் நிறுத்தம் உண்டு. காலையில் திரும்பி வருகிற சிறு பயணத்தையும் சேர்த்தால், நீங்கள் வாங்குவது ஐந்தாறு மணி நேர ஓட்டமும் கட்டிப்போட்ட படகில் ஒரு ராத்திரியும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும். தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை. விலை குறைந்த படகுகளில் ஏசி ராத்திரி 9 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும், காலையில் நின்றுவிடும். 'ஏசி படகு' என்ற இரண்டு வார்த்தையை நம்பி மதிய வெயிலில் ஏறுகிறவர்கள் சண்டை போடுவது இதனால்தான்.

ஆகஸ்ட் கேரளத்தில் மழைக்காலம். வாடகை குறையும், ஆனால் கனமழை எச்சரிக்கை வந்தால் படகை எடுக்க விடமாட்டார்கள். அப்படி ஆனால் பணம் திரும்ப வருமா, தேதி மாற்றித் தருவார்களா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போனில் "பாத்துக்கலாம் சார்" என்பதெல்லாம் பதில் ஆகாது. படகின் பதிவு எண், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, இவற்றையும் கேளுங்கள். மாமியாருக்குப் படகு சரிப்படும், படுக்கையறை கீழ்த்தளத்தில் இருக்கிற படகாகச் சொல்லி எடுத்தால் போதும்.

இன்னொரு யோசனையும் உண்டு. கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் செட்டிநாட்டு வீடுகள் சிலவற்றைத் தங்கும் இடமாக மாற்றியிருக்கிறார்கள். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி கல் பதித்த தரை, ஒன்றன்பின் ஒன்றாக முற்றம். சேலம், நாமக்கல், திருச்சி வழியாகக் காரிலேயே போய்விடலாம். ஆனால் இந்த வீடுகளில் திண்ணைப் படியும் வாசல் நிலையும் உயரம், ஆகஸ்ட்டில் வெயிலும் குறைந்திருக்காது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒரு ராத்திரி மட்டும் படகு, அடுத்த ராத்திரி ஆலப்புழையிலேயே சாதாரண ஓட்டல். இரண்டாவது நாளும் படகில் என்றால் பிள்ளைகளே "இன்னும் எவ்வளவு தென்னை மரம் வரும்?" என்று கேட்பார்கள். சேலத்திலிருந்து ஆலப்புழைக்கு நேரடி ரயில் இருக்கிறது, முழங்காலுக்கும் அதுவே நல்லது. மரவீடு அடுத்த வருஷம் இருக்கட்டும். அப்போதும் பணம் கட்டுவதற்கு முன் வீடியோ காலில் கூப்பிட்டு, "வண்டி நிற்கிற இடத்திலிருந்து கட்டில் வரைக்கும் நடந்து காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். ஏணி, கழிப்பறை, சகதி எல்லாம் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். காட்ட மறுக்கிற இடத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம். அஞ்செட்டிக்கு அப்பால் ஆற்றங்கரையில் டென்ட், கேம்ப் ஃபயர், பார்பிக்யூ, ஆளுக்கு 1,499 ரூபாய். பாதிப் பணத்தை ஜிபேயில் போட்டால் லொகேஷன் அனுப்புவார்களாம். நண்பர்கள் எட்டுப் பேர் போகலாமா?
— வாசகர், ஓசூர்

பதில்: பணம் கொடுத்தால்தான் இடத்தைச் சொல்வேன் என்கிறவரிடம் நான் தேங்காய்கூட வாங்க மாட்டேன்.

நம் பக்கத்துக் காட்டைப் பற்றி ஓசூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பன்னார்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை என்று யானைகள் இறங்குவதும், ராகி அறுப்பு நேரத்தில் ஊர்க்காரர்கள் கண் விழித்துக் காவல் இருப்பதும் வருஷா வருஷம் நடக்கிறது. காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014இலும், காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டன. அஞ்செட்டியைத் தாண்டி ஆற்றங்கரை என்றால் பெரும்பாலும் காப்புக்காடு அல்லது சரணாலயம். அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் டென்ட் அடிக்க முடியாது. மாட்டினால் விளம்பரம் போட்டவர் போனை அணைத்துவிடுவார், காட்டுக்குள் அத்துமீறி நுழைந்ததாக வழக்கு உங்கள் எட்டுப் பேர் மேல்.

பட்டா நிலம்தான் என்று சொன்னால் ஊர் பெயர், சர்வே நம்பர், சுற்றுலாத் துறைப் பதிவு மூன்றையும் கேளுங்கள். ராத்திரி விழித்திருந்து காவல் பார்ப்பது யார் என்றும் கேளுங்கள். இது பயமுறுத்துவதற்காகச் சொல்வது இல்லை. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில், ரிசார்ட் ஒன்றின் டென்ட்டில் தங்கியிருந்த ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். கம்பிக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது யானை அழகு. துணிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது என்றால் வேறு.

டென்ட்டில் படுத்துப் பார்க்கிற ஆசைதான் என்றால், ராயக்கோட்டை பக்கம் ஊரை ஒட்டிச் சுற்றுச்சுவர் உள்ள மாந்தோப்புக்குள் போட்டுத் தருகிற இடமாக விசாரியுங்கள். கழிப்பறை உள்ள வீடு ஒன்று அருகிலேயே இருக்க வேண்டும்.

கேள்வி: ஒகேனக்கல்லில் 'அருவி தெரியும் அறை, பரிசல் சவாரி, மீன் சாப்பாடு' என்று ஒரு பேக்கேஜை போன ஆகஸ்ட்டில் 5,200 ரூபாய்க்கு ஆன்லைனில் எடுத்தோம். அன்றைக்கு ஆற்றில் வெள்ளம். பரிசலுக்கும் குளிக்கவும் தடை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. கேட்டால், "கலெக்டர் தடை போட்டால் நாங்கள் என்ன செய்வது?" என்கிறார்கள்.
— வாசகர், அரூர்

பதில்: உங்களிடம் இரண்டு புகார் இருக்கின்றன. ஒன்றாகக் கலந்தால் இரண்டும் நிற்காது.

பரிசலுக்குத் தடை போட்டது அவர்கள் குற்றம் இல்லை. ஆனால் ஓடாத பரிசலுக்கு வாங்கிய காசை வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமையும் இல்லை. பேக்கேஜில் பரிசலுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு, அந்தத் தொகையைத் திரும்பக் கேளுங்கள்.

ஜன்னல் விஷயத்தில் மட்டும் தப்பு முழுக்க அவர்களுடையது. அருவி தெரியும் என்று விற்றுவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது தவறான விளம்பரம், சேவைக் குறைபாடும்கூட. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டிய ரசீது, ஜன்னலிலிருந்து எடுத்த படம், இந்த மூன்றும் இருக்கிறதா? இருந்தால் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து ஓட்டலுக்கும், முன்பதிவு செய்த நிறுவனத்துக்கும் எழுதுங்கள். பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் நீங்கள் தருமபுரியிலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைப்பதும் கட்டாயம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

5,200 ரூபாயையும் முழுதாகக் கேட்காதீர்கள். ராத்திரி தூங்கியிருக்கிறீர்கள், மீனும் சாப்பிட்டிருக்கிறீர்கள். பரிசல் காசு, அறை வாடகையில் ஒரு பகுதி, அலைந்த செலவு என்று கேட்டால் எடுபடும்.

நம் மாவட்டத்துக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பித் திறந்தால், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கனஅடி தண்ணீர் வருகிறது என்று செய்தியில் தினமும் சொல்கிறார்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் அதைப் பார்க்காமல் பரிசல் சேர்ந்த பேக்கேஜ் வாங்கலாமா? அறையை மட்டும் எடுத்துக்கொண்டு, பரிசலை அங்கே போய்ப் பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். மீனுக்கும் பேக்கேஜ் தேவையில்லை. மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருகிற அம்மாமார்கள் அங்கே இருக்கிறார்கள், எந்த ஓட்டல் குழம்பும் அதன் பக்கத்தில் நிற்காது.

கேள்வி: மலைக் கிராமம் ஒன்றில் காப்பித் தோட்டத்து வீட்டில் ஓர் அறை, ஆப்பில் 1,800 ரூபாய், வரி தனி. வீட்டுக்காரருக்கே போன் செய்தால் "நேரா வாங்க, வரி கிடையாது" என்கிறார். இது வரி ஏய்ப்பா?
— வாசகர், பாலக்கோடு

பதில்: அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். வருஷ வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு வீட்டுக்காரர் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவும் கூடாது. அதே அறை ஆப் மூலம் போனால் வரியைக் கட்டும் பொறுப்பு ஆப் நிறுவனத்துக்கு வந்துவிடும். அதனால்தான் அங்கே வரி, இங்கே இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைக்கு வரி 5 சதவீதம். உங்கள் கணக்கில் 90 ரூபாய். முதல் தடவை போகிற இடம் என்றால் அந்த 90 ரூபாயைக் கொடுத்து ஆப் வழியாகவே போங்கள், ஏதாவது கோளாறு என்றால் கையில் ஆதாரம் இருக்கும். பழகிவிட்டால் அப்புறம் நேராகவே பேசிக்கொள்ளலாம்.

ஆப்பில் 'கடைசி ஓர் அறைதான்' என்று சிவப்பில் மின்னினால் அவசரப்படாதீர்கள். பொய்யான அவசரம் காட்டுவது, கடைசித் திரையில் புதுக் கட்டணம் சேர்ப்பது, கேட்காமலே இன்சூரன்ஸ் சேர்ப்பது, மூன்றுமே 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில் தடை செய்யப்பட்டவை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து 1915இல் சொல்லலாம்.

கேள்வி: இன்டர்வியூவுக்காக முதல் தடவை தனியாக மும்பை போகிறேன். ஸ்டேஷனிலேயே 'பாட்' அறை இருக்கிறதாமே, பெண்கள் தங்கலாமா?
— வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: தங்கலாம். மும்பை சென்ட்ரலில் 2021 நவம்பரில் திறந்தார்கள், பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு. அறை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள், ரயில் பெர்த்துக்குக் கதவு வைத்த மாதிரி இருக்கும். ஜப்பானில் ஒசாகாவில் 1979இல் தொடங்கிய யோசனை. குளியலறை பொது, பெட்டி லாக்கருக்குப் போய்விடும். 12 மணி நேரக் கணக்கிலும் எடுக்கலாம் என்பதால், காலையில் இறங்கிக் குளித்து இன்டர்வியூவுக்குப் போகிறவருக்கு லாபம். உங்கள் ரயில் மும்பையில் எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்திலிருந்து போகிற பல ரயில்கள் சென்ட்ரலுக்கு வருவதில்லை. விடியற்காலையில் இறங்கி டாக்சி பிடித்துத்தான் பாட்டுக்குப் போக வேண்டும் என்றால், இன்டர்வியூ நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே பெண்கள் விடுதி ஒன்றைப் பாருங்கள்.