சார்லஸ் மன்னரின் தலை ஏன் போனது? கேள்வி பதில்

இங்கிலாந்தில் 1642இல் மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் மூண்ட உள்நாட்டுப் போர் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், மன்னர் வரி போட்டார், நாடாளுமன்றம் எதிர்த்தது, போர் வந்தது என்று எங்கள் புத்தகத்தில் மூன்றே வரியில் முடித்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

வரியால் சண்டை வந்தது உண்மை. போர் வர அது போதவில்லை. புது மன்னருக்குச் சுங்க வரி வசூலிக்கும் உரிமையை ஆயுள் முழுக்கக் கொடுப்பது வழக்கம். 1625இல் சார்லஸ் பட்டத்துக்கு வந்தபோது, ஒரு வருடத்துக்குத்தான் என்றது நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை. அவர் அனுமதி இல்லாமலே வசூலித்தார். வசதியுள்ளவர்களிடம் கட்டாயக் கடன் கேட்டு, மறுத்தவர்களைச் சிறையில் தள்ளினார். அதனால்தான் 1628இல் 'உரிமை மனு' வந்தது: நாடாளுமன்றம் சம்மதிக்காமல் வரி கூடாது, காரணம் சொல்லாமல் சிறை கூடாது. சார்லஸ் ஏற்றுக்கொண்டார், ஆனால் மாறவில்லை. 1629 மார்ச்சில் அவையை ஒத்திவைக்க உத்தரவு வந்ததும், எழப்போன சபாநாயகரை இரண்டு உறுப்பினர்கள் நாற்காலியிலேயே அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் மன்னருக்கு எதிரான தீர்மானங்களை நிறைவேற்றினார்கள்! அப்போதும் போர் வரவில்லை. அதற்கு இன்னும் 13 வருடம் பிடித்தது.

கேள்வி: அதற்கப்புறம் 11 வருடம் நாடாளுமன்றத்தையே கூட்டவில்லையாமே? சட்டம் இடம் கொடுத்ததா?

கொடுத்தது. கூட்டுவதும் கலைப்பதும் மன்னர் இஷ்டம். வெளிநாட்டுப் போர்களை நிறுத்திச் செலவைக் குறைத்தார், பழைய வரிகளைத் தூசி தட்டி எடுத்தார். ஆபத்துக் காலத்தில் கடலோர ஊர்களிடம் மட்டும் வாங்கிவந்த கப்பல் வரியை 1635இல் உள்நாட்டுக்கும் நீட்டினார். ஜான் ஹாம்டன் என்ற பணக்காரர் வெறும் 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்து வழக்கைச் சந்தித்தார். 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னர் பக்கம். ஆனால் மன்னர் நியமித்த நீதிபதிகளிலேயே 5 பேர் மாற்றிச் சொன்னதுதான் ஊர்ப்பேச்சானது. சீக்கிரமே வசூலும் படுத்துவிட்டது.

கேள்வி: பிறகு ஏன் கூட்டினார்?

வேறு வழியில்லை. தானே மன்னராக இருந்த ஸ்காட்லாந்தில் 1637இல் புதிய பிரார்த்தனைப் புத்தகத்தைத் திணித்தார். அவர்கள் ஆயுதம் எடுத்தார்கள். அடக்கப் படை வேண்டும், படைக்குப் பணம் வேண்டும். 1640 ஏப்ரலில் கூட்டிய அவையை, குறைகளைப் பேசத் தொடங்கியதால் மூன்றே வாரத்தில் கலைத்தார். ஸ்காட்லாந்துப் படை வட இங்கிலாந்தின் நியூகாசிலைப் பிடித்து, நாளொன்றுக்கு 850 பவுண்டு கொடு என்று உட்கார்ந்துவிட்டது. நவம்பரில் மீண்டும் கூட்டினார். இம்முறை கலைத்தால் பணம் வராது, அது எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி: போர் இனி நிச்சயம் என்று எந்தக் கட்டத்தைச் சொல்வீர்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி. 1641 கோடைக்குள் நாடாளுமன்றம் கேட்டது கிட்டத்தட்ட எல்லாம் கிடைத்துவிட்டது. கப்பல் வரி ரத்து. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அவை கூடியாக வேண்டும். அவையின் சம்மதம் இல்லாமல் அதைக் கலைக்க முடியாது. மன்னரின் வலதுகையான ஸ்டிராஃபோர்டின் தலையும் போனது. பணம்தான் பிரச்சினை என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அக்டோபரில் அயர்லாந்தில் கிளர்ச்சி வெடித்தது. படை அனுப்பியே ஆக வேண்டும், இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்தப் படை யார் கையில்? வழக்கப்படி மன்னர் கையில்தான். அதே படையை அவர் லண்டன் பக்கம் திருப்பிவிட்டால்? என்னைக் கேட்டால், முடிச்சு இதுதான்.

இன்னொன்றும் நடந்தது. நவம்பரில் மன்னரின் எதிர்ப்பாளர்களுக்குத் தலைமை தாங்கிய காமன்ஸ் உறுப்பினர் ஜான் பிம்மும் கூட்டாளிகளும் மன்னரின் குற்றங்களை நீளப் பட்டியலிட்டு வாக்கெடுப்புக்கு விட்டார்கள். ஆதரவு 159, எதிர்ப்பு 148. முந்தைய வருடம் அவையில் தனிமரமாக நின்ற மன்னருக்கு இப்போது ஒரு கட்சியே கிடைத்துவிட்டது. எதிரே நிற்க ஆளே இல்லாவிட்டால் உள்நாட்டுப் போர் எப்படி வரும்?

அந்தத் தெம்பில்தானோ என்னவோ, 1642 ஜனவரி 4 அன்று சார்லஸ் சிப்பாய்களோடு காமன்ஸ் சபைக்கு வந்து பிம், ஹாம்டன் உட்பட ஐந்து பேரைக் கைது செய்யப் பார்த்தார். அவர்கள் முன்பே படகேறித் தப்பிவிட்டார்கள். எங்கே என்று கேட்டதற்கு, அவை கட்டளையிட்டால் தவிர எனக்குக் கண்ணும் இல்லை, நாக்கும் இல்லை என்று மண்டியிட்டுச் சொன்னார் சபாநாயகர் லெந்தால். அதற்குப் பிறகு மன்னரை யார் நம்புவார்கள்? சில நாளில் அவரும் லண்டனை விட்டுப் போனார். மார்ச்சில், மன்னர் ஒப்புதல் இல்லாமலே ஊர்க்காவல் படையைத் தன் கையில் எடுத்தது நாடாளுமன்றம். ஆகஸ்ட் 22இல் நாட்டிங்காமில் மன்னர் போர்க்கொடி ஏற்றினார்.

கேள்வி: பணக்காரர்கள் மன்னர் பக்கம், ஏழைகள் நாடாளுமன்றம் பக்கம். சரியா அண்ணா?

இல்லை தம்பி. குடும்பங்களே பிரிந்தன. ஹல் நகர ஆயுதக் கிடங்குக்கு வந்த மன்னருக்குக் கதவைத் திறக்காத ஜான் ஹோதமே பின்னர் அவர் பக்கம் சாயப் பார்த்து, நாடாளுமன்றத்தின் கையாலேயே தலையை இழந்தார்.

கேள்வி: மன்னரைக் கொன்றது நாடாளுமன்றம்தானே?

பெயருக்கு. போரில் வென்றது நாடாளுமன்றம் 1645இல் உருவாக்கிய புதிய படை. தோற்ற பிறகும் சார்லஸ் ஸ்காட்லாந்துக்காரர்களோடு ரகசிய ஒப்பந்தம் போட்டு 1648இல் இரண்டாவது போரைக் கிளப்ப, படைக்கு வெறுத்துவிட்டது. அப்போதும் பெரும்பான்மை உறுப்பினர்கள் சமரசமே பேசினார்கள். டிசம்பர் 6 அன்று கர்னல் பிரைடு சிப்பாய்களோடு வாசலில் நின்று வேண்டாதவர்களைத் தடுத்தார். எஞ்சிய சிறு கூட்டம்தான் விசாரணை மன்றத்தை அமைத்தது. மரண தண்டனை ஆணையில் 59 பேர் கையெழுத்திட்டார்கள். 1649 ஜனவரி 30 அன்று தலை வெட்டப்பட்டது. குளிரில் நடுங்கினால் பயம் என்று நினைப்பார்களே என்று அன்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டு போனார் சார்லஸ். ஐந்து பேருக்காக மன்னர் வந்து நின்ற அதே அவையை, 1653இல் அந்தப் படையின் தளபதி கிராம்வெல் சிப்பாய்களோடு வந்து விரட்டினார்.

கேள்வி: இதற்கும் நம்ம மெட்ராஸுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. சார்லஸுக்குப் பிறகு ஒழிக்கப்பட்ட முடியாட்சி 1660இல் திரும்பி ஐந்து வருடம் கழித்து, 1665இல், புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பதவியை இழந்த எட்வர்டு விண்டர், தன் இடத்துக்கு வந்த ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்ட் மீது மன்னருக்கு எதிரான ராஜதுரோகப் பழி சுமத்திக் கோட்டைக்குள்ளேயே அடைத்துவைத்தார். பழைய போரின் பகை ஆறாத காலம், அந்தப் பழி எடுபட்டது. ஃபாக்ஸ்கிராஃப்ட் வெளியே வர 1668 ஆனது.