வண்ணக் கண்ணாடியும் வாசிப்புச் சிரமமும்: கேள்வி பதில்

கேள்வி (ஒரு தாய்): என் மகளுக்கு ஒன்பது வயது. படிக்க உட்கார்ந்தால் எழுத்துகள் நெளிவதாகவும் வரிகள் ஒன்றோடொன்று கலப்பதாகவும் சொல்கிறாள். வண்ணக் கண்ணாடி வாங்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம், அம்மா. அவள் சாக்குச் சொல்வதாக நான் எண்ணவில்லை. ஆனால் வேறு சில கண் கோளாறுகள் உள்ள பிள்ளைகளும் இதையேதான் சொல்வார்கள். தூரப்பார்வை உள்ள பிள்ளை, அருகிலுள்ள எழுத்தைத் தெளிவாகக் காண்பதற்குக் கண்ணின் உட்தசையை இடைவிடாது இறுக்க வேண்டியிருப்பதால் விரைவில் களைத்துவிடும். இரு கண்களும் அருகில் உள்ளதை நோக்கிச் சரியாகக் குவியாவிட்டால், எழுத்து இரண்டாகவோ நகர்வது போலவோ தெரியும். சுவரிலுள்ள அட்டையைப் படிக்கச் சொல்லும் சோதனையில் இவ்விரண்டும் தப்பிவிடக்கூடும். ஆகவே சொட்டு மருந்திட்டுப் பார்க்கும் முழுப் பரிசோதனையோடு, அருகுப் பார்வையையும் இரு கண்களின் ஒத்துழைப்பையும் சோதிக்குமாறு கேளுங்கள். தலைவலி உண்டா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி (ஓர் ஆசிரியர்): வாசிப்புக்கு நிறத்தைப் பயன்படுத்தும் இந்த முறை எங்கிருந்து வந்தது? அறிவியல் இதை ஏற்கிறதா?

பதில்: 1980இல் நியூசிலாந்தைச் சேர்ந்த ஆலிவ் மியர்ஸும், 1983இல் அமெரிக்க உளவியலாளர் ஹெலன் இர்லெனும் இத்தகைய பார்வைச் சிரமங்களை விவரித்தனர். நெருக்கமான அச்சு வரிகள் கோடு கோடான வடிவமாக மூளையின் பார்வைப் பகுதியை அளவுக்கு மீறித் தூண்டுகின்றன என்றும், ஏற்ற நிறம் அதைத் தணிக்கிறது என்றும் பிரித்தானிய உளவியலாளர் ஆர்னால்டு வில்கின்ஸ் பின்னர் விளக்கம் முன்வைத்தார். விளக்கம் சுவையானதுதான், சான்றுதான் வலுவாக இல்லை. 7 முதல் 12 வயது வரையிலான 61 மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வில், அவரவருக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட வண்ணத் தாள் (பக்கத்தின் மேல் வைத்துப் படிக்கும் ஒளிபுகு நிறத் தாள்), வேறு நிறத் தாளையோ நிறமற்ற தாளையோ விட வாசிப்பை மேம்படுத்தவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இல் இணைந்து வெளியிட்ட அறிக்கையும் வண்ணக் கண்ணாடியைப் பரிந்துரைக்க மறுத்தது.

கேள்வி (ஒரு தந்தை): டிஸ்லெக்சியாவை இது சரிசெய்யுமா?

பதில்: செய்யாது. அது பெரும்பாலும் சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிந்து எழுத்தோடு இணைப்பதில் உள்ள சிரமம். அதற்கு வேண்டியது எழுத்து–ஒலித் தொடர்பை முறையாக, படிப்படியாகக் கற்பிப்பது. கண்ணாடி வரட்டும் என்று அந்தப் பயிற்சியைத் தள்ளிப்போடுவதுதான், செலவைக் காட்டிலும் பெரிய இழப்பு என்பது என் கருத்து.

கேள்வி (ஒரு கல்லூரி மாணவி): நீல நிறத் தாளை வைத்துப் படித்தால் எனக்குக் கண் கூசுவதில்லை. இதை விட்டுவிட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஆய்வுகள் கேட்பது வாசிப்புத் திறன் கூடுகிறதா என்பதை. உங்களுக்குக் கிடைப்பதோ ஆறுதல். திரையின் பின்னணி நிறத்தை மாற்றுவது, ஒளியைக் குறைப்பது, வரி இடைவெளியைக் கூட்டுவது ஆகியவற்றையும் செய்து பாருங்கள்.

கேள்வி (ஒரு சிறப்புக் கல்வி ஆசிரியை): தாள் உண்மையிலேயே உதவுகிறதா என்று வகுப்பில் எப்படி அறிவது?

பதில்: மாணவருக்கு நன்கு தெரிந்த எளிய சொற்கள் பதினைந்தை எடுத்து, பொருள் தொடர்பு ஏதுமின்றி வரிக்கு வரி வரிசையை மாற்றி அச்சிடுங்கள். பொருளை வைத்து ஊகிக்க வழியில்லாததால், கண் எவ்வளவு இலகுவாக வரிகளில் செல்கிறது என்பது தெரியவரும். ஒரு நிமிடம் உரக்கப் படிக்கச் செய்து, சரியாகப் படித்த சொற்களை எண்ணுங்கள். தேர்ந்தெடுத்த வண்ணத் தாளோடும் நிறமற்ற ஒளிபுகு தாளோடும் மாறி மாறிச் சோதித்து, வேறொரு நாளிலும் அதையே செய்ய வேண்டும். “இது உனக்கு உதவும்” என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், உற்சாகத்தாலேயே வேகம் கூடி முடிவு கெட்டுவிடும். சில வாரங்களில் மாணவரே தாளைத் தேடி எடுக்காவிட்டால், அதை வற்புறுத்தாதீர்கள்.

கேள்வி (மற்றொரு தந்தை): தாளில் பொருந்திய நிறத்தையே கண்ணாடிக்கும் எடுக்கலாமா?

பதில்: கூடாது. தாள் பக்கத்தை மட்டும் மூடுகிறது. கண்ணாடியோ பார்வை முழுவதையும் நிறமாக்குவதால் கண் அந்நிறத்துக்குப் பழகிவிடுகிறது. எனவே இரண்டையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க வேண்டும். அடர்ந்த நிறக் கண்ணாடி அணிந்து இரவில் வாகனம் ஓட்டக் கூடாது.