ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை: வயதானவர்கள் வீட்டிலிருந்து சில கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு 81 வயது. இதயத் துடிப்பு சீராக இல்லாததால் வார்ஃபரின் சாப்பிடுகிறார். பார்வை மங்கல். ஒரு நாள் முழு மாத்திரை, மறுநாள் பாதி. குழப்பத்தில் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) 4க்குப் போய்விட்டது.

பதில்: இந்த ஒருநாள்விட்டு ஒருநாள் கணக்குதான் பல வீடுகளில் வில்லன். என் மாமியார் பாதியாக உடைத்த மாத்திரை பொடியாகிப்போக, மேசையில் விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அன்றைக்கு உள்ளே போனது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? தினமும் ஒரே அளவு வரும்படி மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வாரத்துக்கான மாத்திரைப் பெட்டியை வீட்டில் வேறொருவர் நிரப்பட்டும். இவருடைய பிரச்சினைக்கு ஐஎன்ஆர் பொதுவாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். 4 என்றால் அடுத்த பரிசோதனைவரை காத்திருக்காமல் இன்றே தெரிவியுங்கள். புதிதாக ஆன்டிபயாடிக் கொடுத்தார்களா என்றும் பாருங்கள். மெட்ரோனிடசோல் ஐஎன்ஆரை நன்றாக ஏற்றிவிடும்.

கேள்வி: ரத்தப் பரிசோதனையே வேண்டாத புது மாத்திரைக்கு மாறிவிடலாமே?

பதில்: வேண்டாதது ஐஎன்ஆர் மட்டும்தான், சிறுநீரகப் பரிசோதனை தொடரும். அபிக்ஸபன் என்ற புது மாத்திரையில் வயது 80 அல்லது அதிகம், எடை 60 கிலோ அல்லது குறைவு, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 1.5 அல்லது அதிகம் என்ற மூன்றில் இரண்டு இருந்தாலே அளவைக் குறைப்பார்கள். செயற்கை உலோக வால்வு இருப்பவருக்கு இந்த மாத்திரைகள் கிடையாது. விழுங்கச் சிரமப்படுபவருக்கு டாபிகாட்ரான் என்ற இன்னொரு புது மருந்தின் கேப்சூலைப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. இன்னொன்று: தளர்ந்துபோன, 75 வயது தாண்டியவர்களை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. வார்ஃபரின் போன்ற பழைய வகை மருந்திலிருந்து புதியதற்கு மாற்றப்பட்டவர்களுக்கே ரத்தக்கசிவு அதிகம். ஒழுங்காகப் போய்க்கொண்டிருப்பதை அவசரப்பட்டு மாற்றாதீர்கள் என்பேன்.

கேள்வி: அம்மா அடிக்கடி விழுகிறார். மாத்திரையை நிறுத்திவிடவா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். வார்ஃபரினின் பலனை மிஞ்சும் ஆபத்து வர, வருடத்துக்கு 295 தடவை விழ வேண்டும் என்று 1999இல் ஒரு கணக்குப் போட்டார்கள். அது காகிதக் கணக்கு, சரி. ஆனாலும் விழுவது மட்டுமே நிறுத்தக் காரணமாகாது. ஏன் விழுகிறார் என்று பாருங்கள்: தூக்க மாத்திரையா, எழுந்ததும் பிரஷர் இறங்குகிறதா, இரவில் கழிவறைக்குப் போகும் வழி இருட்டா? தலையில் அடிபட்டால் மட்டும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு.

கேள்வி: பதிலுக்கு ஆஸ்பிரின்?

பதில்: இதயத் துடிப்புப் பிரச்சினைக்கு அது ஈடாகாது. பக்கவாதத்தைத் தடுப்பதில் பலம் குறைவு, ரத்தக்கசிவும் இல்லாமல் போகாது.

கேள்வி: பாட்டி படுத்த படுக்கை. ஆளையே அடையாளம் தெரிவதில்லை. மாத்திரையைத் துப்பிவிடுகிறார். தினமும் போராட்டம்.

பதில்: இங்கே என் பதில் வேறு. இனி இந்த மருந்து அவருக்கு என்ன தருகிறது என்று டாக்டரிடம் நேராகவே கேட்கலாம். கேட்பதால் பாட்டியைக் கைவிட்டதாக ஆகாது. போகும்போது, துப்பிய நாட்களைக் குறித்த காலண்டரை எடுத்துப் போங்கள்.