முதுகுவலி மாத்திரை, தாம்பத்தியச் சிக்கல்: ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: வயது 44, பெரம்பூரில் இருக்கிறேன். டிஸ்க் விலகி நான்கு வருடமாக முதுகுவலி. வலி மாத்திரை டிரமடால், நரம்புவலிக்கும் மனச்சோர்வுக்கும் தரும் டுலோக்செட்டின் இரண்டும் போடுகிறேன். ஒரு வருடமாக விறைப்பு சரியில்லை, ஆசையும் குறைந்துவிட்டது. ஜீன் டெஸ்ட் எடுத்தால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்துவிடுமாமே? எடுக்கலாமா?

பதில்: வலிக்காக வருபவர்களில் பலர் இதை மட்டும் சொல்லாமலே எழுந்து போய்விடுகிறார்கள். மருத்துவர்கள் நாங்களும் கேட்பதில்லை. அது எங்கள் தவறு. நீங்கள் கேட்டது நல்லது.

முதலில் ஒன்று. தொடை இடுக்கு, ஆசனவாய்ப் பக்கம் மரத்துப்போகிறதா? சிறுநீர் கட்டிக்கொள்கிறதா, தெரியாமல் கசிகிறதா? அப்படியிருந்தால் டிஸ்க் நரம்புகளை நசுக்கிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அது இல்லையென்றால், ஜீன் டெஸ்ட்டுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். டிரமடாலைக் கல்லீரலில் சிஒய்பி 2டி6 என்ற நொதி வீரியமான பொருளாக மாற்றினால்தான் வலி நன்றாக அடங்கும். இந்த நொதியின் ஜீன் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு அது வேலையே செய்யாது, மாத்திரை போட்டும் வலி அப்படியே இருக்கும். சிலருக்கு அதிவேகம், மயக்கம், மூச்சு மந்தமாவது வரை போகலாம். டெஸ்ட் சொல்வது இதைத்தான். ஆனால் நீங்கள் கூடவே போடும் டுலோக்செட்டின் அதே நொதியைத் தடுக்கிறது. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்தாலும் உங்கள் உடம்பு மந்தமான நொதிக்காரரைப் போல நடந்துகொள்ளலாம். வலி அடங்காமல் டிரமடால் டோஸ் ஏறிக்கொண்டே வந்திருக்கிறதா என்று பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். இரண்டு மருந்தும் சேர்ந்தால் செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் கூடி நடுக்கம், வியர்வை, படபடப்பு, வலிப்புகூட வரலாம். இந்த ஜோடியைப் பற்றி இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். நீங்களாக எதையும் திடீரென்று நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை என்று படுத்திவிடும்.

ஆசை குறைந்ததற்கு டிரமடாலும் காரணமாக இருக்கலாம். டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) மருந்துகள், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரக்கச் சொல்லி மூளை அனுப்பும் கட்டளையை அமுக்கிவிடும். டுலோக்செட்டின் ஆசையைக் குறைக்கும், உச்சத்தையும் தள்ளிப்போடும். ஆகவே காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோன் பாருங்கள். குறைவாக இருந்தால் இன்னொரு நாள் திரும்பவும். சர்க்கரை, கொழுப்பு, பிபி மூன்றும் கட்டாயம். இதய ரத்தக்குழாய் நோய் சிலருக்கு விறைப்புக் குறைவாகத்தான் முதலில் தலைகாட்டும். ஹார்மோன் ஊசியோ ஜெல்லோ பேச்சு வந்தால், இன்னும் குழந்தை வேண்டுமா என்பதைச் சொல்லிவிடுங்கள். அது விந்தணுவைக் குறைக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரையை வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைப் போட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

பிறகு நரம்புவலிக்கான அமிட்ரிப்டிலினுக்கு மாற்றும் யோசனை வந்தால் ஜீன் டெஸ்ட் உதவும்; அதைக் கையாள்வதிலும் இதே நொதிக்குப் பங்கு உண்டு. இன்னொரு நரம்புவலி மருந்தான பிரிகாபலினுக்கு டெஸ்ட் தேவையில்லை. அந்த மருந்து பெரும்பாலும் மாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும்.

செலவுக்கு யோசித்தால், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் யூராலஜி (சிறுநீரகவியல், ஆண் உறுப்புப் பிரச்சினைகள்) பிரிவு இருக்கிறது. எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் மனைவியோடு போங்கள்.